ஒரே ஒரு ரத்தக்காட்டேரி நாவல் படிப்பதென்றால் எதைப் படிப்பது?

ஆன் ரைஸின் ‘இன்டர்வியூ வித் த வாம்பயர்’ நாவலை அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். நாலே நாளில் திரும்பி வந்தது. அறுபதாம் பக்கத்தில் பஸ் டிக்கெட் செருகியது செருகியபடி இருந்தது. “இந்த ஆளு எப்பதான்டா புலம்புறத நிறுத்துவான்?” என்றாள். நானோ அதே புத்தகத்தை இரண்டு ராத்திரியில் முடித்துவிட்டு, மூன்றாம் ராத்திரி மறுபடி முதல் பக்கத்தில் போய் உட்கார்ந்தவன். யார் ரசனை உசத்தி என்று அன்றைக்கு நன்றாகவே சண்டை போட்டோம். இப்போது யோசித்தால் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறோம்: அந்த எழுத்து அவ்வளவு அடர்த்தி, நான் அதில் மிதந்தேன், அவள் மூச்சு முட்டி வெளியே வந்துவிட்டாள்.

அதனால் “மனசைத் தொடணும், எழுத்தும் அழகா இருக்கணும், அப்படி ஒரு ரத்தக்காட்டேரிக் கதை சொல்லு” என்று யாராவது கேட்டால் சட்டென்று ஒரு பெயரைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறார்கள், ஆனால் அவை இரண்டு வேறு சரக்கு. அதுவும் இந்த வகைக் கதைகளில் ஒன்று கூடினால் மற்றது குறைகிற ஆபத்து நிறையவே உண்டு. நிலவொளி, வெல்வெட் திரை, மெழுகுவர்த்தி, சாகாதவனின் தனிமை என்று எழுத்தாளர் வர்ணித்துக்கொண்டே போவார்; கீழே கடிபட்டுக் கிடப்பவர் யார், அவருக்கு வீட்டில் யாராவது காத்திருக்கிறார்களா என்பதே நமக்கு மறந்துபோகும். எனவே நான் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்கிறேன். ரத்தம் குடிக்கிற அந்த இடத்தில் கதையைச் சொல்வது யார்? கடித்தவரா, கடிபட்டவரா, இல்லை பக்கத்து வீட்டுக்காரரா? இதை வைத்துப் பார்த்தால் எதை எடுப்பது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

முதலில் டிராகுலாவை ஓரமாக வைத்துவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிராம் ஸ்டோக்கர் லண்டன் லைசியம் தியேட்டரில் நிர்வாகம் பார்த்துக்கொண்டே எழுதி 1897-இல் வெளியிட்ட நாவல் அது; முழுக்க டைரி, கடிதம், தந்தி, ஃபோனோகிராஃப் பதிவு என்று ஒட்டுப்போட்டது. இளம் வழக்கறிஞன் ஜோனதன் ஹார்க்கர் டிராகுலாவின் கோட்டையில் மாட்டிக்கொள்ளும் முதல் நாலு அத்தியாயமும் அபாரம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. அப்புறம் இங்கிலாந்துக்கு வந்து, டிராகுலாவை வேட்டையாட உதவும் பேராசிரியர் வான் ஹெல்சிங் உடைந்த ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாகப் பேச ஆரம்பித்ததும் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். ஒரே ஒரு இடம் மட்டும் உள்ளே இறங்கும். டிராகுலாவால் கடிபட்டு நெற்றியில் தழும்போடு நிற்கும் ஹார்க்கரின் மனைவி மீனா, அவனை வேட்டையாடக் கிளம்பும் ஆண்களிடம், இதையெல்லாம் செய்த அந்த ஆத்மாவின் நிலைதான் எல்லாரையும்விடப் பரிதாபம், அவன் மேலும் இரக்கம் வையுங்கள் என்கிறாள். இருபத்தேழு அத்தியாயத்தில் அப்படி ஒரு பக்கம். பயத்துக்கும் விறுவிறுப்புக்கும் தாராளமாகப் படிக்கலாம், நீங்கள் கேட்டது அது இல்லை என்பதால் நகர்கிறேன்.

மீதி இருப்பதில் எனக்கு மூன்று பேர்தான் நேருக்கு நேர் போட்டி. ஜோசஃப் ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’, ஆன் ரைஸின் மேலே சொன்ன நாவல், ஸ்வீடனின் யோன் அய்விடே லிண்ட்க்விஸ்ட் எழுதி ஆங்கிலத்தில் ‘லெட் த ரைட் ஒன் இன்’ என்று வந்த நாவல்.

கார்மில்லா மூன்றிலும் வயதில் மூத்தது, அளவில் சின்னது. டப்ளின்காரரான லெ ஃபானு இதை 1871-72-இல் பத்திரிகைத் தொடராக எழுதி, 1872-இல் தன் கதைத் தொகுப்பில் சேர்த்தார். டிராகுலாவுக்குக் கால் நூற்றாண்டு முந்தியது. (இதற்குச் சற்று முன்னால், 1870-இல்தான் ரிச்சர்ட் பர்ட்டன் நம்முடைய விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளை ஆங்கிலத்தில் போட்டு, வேதாளத்துக்கு ‘வாம்பயர்’ என்று பெயரும் வைத்தார். மரத்தில் தொங்கிக்கொண்டு புதிர் போடுகிற, சொட்டு ரத்தம் குடிக்காத நம் வேதாளத்துக்கு இது கொஞ்சம் அநியாயம்தான்.)

இதில் கதை சொல்வது கடிபட்டவள். ஆஸ்திரியாவின் ஸ்டிரியா பகுதியில், காட்டு நடுவே ஒரு தனிமையான மாளிகையில் அப்பாவோடும் இரண்டு ஆசிரியைகளோடும் வாழும் லாரா. வண்டி கவிழ்ந்த சாக்கில் வந்து சேர்கிறாள் கார்மில்லா. அடுத்து நடப்பது காதலா, நோயா, வேட்டையா என்று லாராவுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவள் மேல் ஒரு பித்தும், கூடவே ஓர் அருவருப்பும் ஒரே நேரத்தில் வந்தது என்று வருஷங்கள் கழித்து எழுதுகிறாள். இன்றைக்கு இதைப் பெண்ணுக்குப் பெண் மேல் வந்த காதல் கதையாகப் படிக்கிறவர்கள் நிறைய. எப்படிப் படித்தாலும் அந்த ஈரம் குறைவதில்லை.

கடிக்கிற இடத்தை எவ்வளவு சிக்கனமாக எழுதியிருக்கிறார் பாருங்கள். ராத்திரி, படுக்கையின் கால்மாட்டில் பூனை மாதிரி கறுப்பாக ஏதோ ஒன்று கூண்டில் அடைத்த மிருகம்போல இப்படியும் அப்படியும் நடக்கிறது. கட்டிலில் தாவுகிறது. மார்பில் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் இடைவெளியில் இரண்டு ஊசி இறங்கின மாதிரி வலி. விழித்துப் பார்த்தால் கால்மாட்டில் கூந்தலை அவிழ்த்துவிட்ட ஒரு பெண் உருவம், கல் மாதிரி, மூச்சுவிடுகிற அசைவுகூட இல்லாமல் நிற்கிறது. அப்புறம் அது கதவுப்பக்கம் போய்விட்டது. அவ்வளவுதான். உவமை அடுக்குவதோ தத்துவம் பேசுவதோ கிடையாது.

இன்னொரு இடம், இதைவிட எனக்குப் பிடித்தது. கிராமத்துப் பெண் ஒருத்தியின் சவ ஊர்வலம் வருகிறது. லாரா எழுந்து நின்று கூடவே பாடுகிறாள். கார்மில்லாவோ காதைப் பொத்திக்கொண்டு, இந்தப் பாட்டு எவ்வளவு நாராசமாக இருக்கிறது தெரியவில்லையா என்று சீறி, முகம் மாறி, கையை இறுக்கி மூடிக்கொண்டு உடம்பெல்லாம் நடுங்குகிறாள். செத்துப்போனவளைக் கொன்றதே இவள்தான் என்பது நமக்குப் பின்னால்தான் புரியும். புரிந்த பிறகு அந்த நடுக்கத்தைத் திரும்பிப் பார்த்தால், அது வெறும் வெறுப்பாகத் தெரிவதில்லை.

கார்மில்லாவின் கல்லறையைத் திறக்கும் கட்டத்தில் லெ ஃபானு நடையையே மாற்றிவிடுகிறார். லாரா அங்கே இல்லை. அரசாங்க விசாரணைக் குழுவின் அறிக்கையைப் பார்த்து எழுதுகிறாள். ஈயப் பெட்டியில் ஏழு அங்குல ஆழத்துக்கு ரத்தம், அதில் உடல், மருத்துவர்கள் இரண்டு பேர் சாட்சி, ஆப்பு அடித்தார்கள், தலையை வெட்டினார்கள், சாம்பலை ஆற்றில் கரைத்தார்கள். தாலுகா ஆபீஸ் குறிப்பு மாதிரி இருக்கும். தன்னிடம் அவ்வளவு பிரியமாக இருந்த ஒருத்தியைப் பற்றிய குறிப்பு அது. இந்தப் புத்தகத்தில் எழுத்தின் அழகு என்று நான் சொல்வது வர்ணனையை இல்லை, இப்படித் தொனியை மாற்றி நம்மைத் தடுமாற வைப்பதைத்தான்.

குறை இல்லாமல் இல்லை. வாக்கியங்கள் நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலம், காற்புள்ளிமேல் காற்புள்ளியாக நீளும். லாராவின் அப்பாவுடைய நண்பர் ஜெனரல் ஸ்பீல்ஸ்டோர்ஃப் வந்து தன் கதையைச் சொல்லும் பகுதி நமக்கு ஏற்கெனவே தெரிந்ததையே மறுபடி சொல்கிறது. கார்மில்லா, மில்லார்க்கா, மிர்கால்லா என்று எழுத்தை மாற்றிப்போடும் விளையாட்டை நாம் லாராவின் அப்பாவுக்கு ரொம்ப முன்னாடியே கண்டுபிடித்துவிடுவோம். ஆனால் பதினாறே சின்ன அத்தியாயம், காப்புரிமை முடிந்துபோனதால் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

சரி, ஆன் ரைஸ். 1976-இல் வந்த நாவல். இங்கே பேசுவது கடித்தவன். சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அறை, டேப் ரெக்கார்டரோடு ஒரு பையன், எதிரில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்லும் லூயி. 1791-இல் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் அவுரித் தோட்டம் வைத்திருந்தவன். தெய்வக் காட்சி கண்டதாகச் சொன்ன தம்பியை நம்பாமல் சிரித்துவிட்டு, அவன் மாடிப்படியில் விழுந்து செத்ததும் குற்ற உணர்ச்சியில் குடித்துத் திரிந்து, லெஸ்டாட் என்ற வாம்பயரின் கையில் விழுகிறான்.

எழுத்து அழகு என்று பார்த்தால் இதற்குப் பக்கத்தில் வேறெதுவும் நிற்காது. முதல்முறை ரத்தம் குடிக்கும்போது தூரத்தில் ஒரு முரசு, அதற்குப் பதில் சொல்வதுபோல் இன்னொரு முரசு, கடைசியில் பார்த்தால் ஒன்று தன் இதயம் மற்றது லெஸ்டாட்டுடையது என்று எழுதியிருப்பார். அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள், தாளம் கேட்கும். வாம்பயராகக் கண் திறந்தவன் முதலில் பார்ப்பது லெஸ்டாட்டின் கோட்டுப் பொத்தான், அதிலேயே லயித்து வெகுநேரம் வேறெதையும் பார்க்காமல் நிற்கிறான். இப்படி ஒரு பொத்தானை வைத்து ஒரு பிறவியே மாறிவிட்டதைக் காட்டுவது சும்மா இல்லை.

ஆனால் நான் சொன்ன அந்தப் பரீட்சையில் இந்த நாவல் முதல் பாதியில் தோற்றுவிடுகிறது. லூயியின் தோட்டத்தில் லெஸ்டாட் அடிமைகளைக் குடித்துத் தீர்க்கிறான். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்கூட இல்லை. லூயிக்குத் தன் ஆத்மா போய்விட்டதே என்ற துக்கம் இருக்கிற அளவுக்கு, மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்தோமே என்ற உறுத்தல் இல்லை. (2022-இல் வந்த தொலைக்காட்சித் தொடர் லூயியை 1910-களின் கறுப்பினத்தவனாக மாற்றியது வெறும் அலங்காரம் இல்லை, இந்த ஓட்டையைத் தைக்கத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.) அக்கா எரிச்சல்பட்டதும் இதற்குத்தான், கொலை செய்கிறவனே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தால் எவ்வளவு நேரம் முதுகைத் தடவிக்கொடுப்பது?

அவள் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். க்ளாடியா வருவது அதற்கப்புறம்தான். கொள்ளை நோயில் செத்த அம்மாவின் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த ஐந்து வயதுக் குழந்தை. லூயி கடித்துவிடுகிறான், லெஸ்டாட் அவளை வாம்பயராக்கிவிடுகிறான். அப்புறம் அறுபது வருஷத்துக்கு மேல் மனசு வளர்கிறது, உடம்பு அப்படியே நிற்கிறது. பாரிஸில் பொம்மைக்காரி ஒருத்தியிடம், குழந்தை பொம்மை வேண்டாம், வளர்ந்த பெண்ணாக ஒன்று செய்து கொடு என்று கேட்டு வாங்கிவந்து, லூயியின் கண்ணெதிரே அதைத் தன் குட்டிக் கையாலேயே நொறுக்குகிறாள். ஆன் ரைஸின் மகள் மிஷெல் ரத்தப் புற்றுநோயில் 1972-இல் இறந்தபோது ஆறு வயதுகூட ஆகவில்லை; அடுத்த வருஷம் உட்கார்ந்து சில வாரங்களில் எழுதியது இந்த நாவல். தெரிந்துகொள்ளாமலும் படிக்கலாம். தெரிந்தபிறகு, சாகவே முடியாத அந்தக் குழந்தையைப் பற்றிய பக்கங்களைச் சாதாரணமாகப் புரட்ட முடியாது.

முடிவில் ஒரு சின்னக் குறும்பும் உண்டு. இவ்வளவு துக்கத்தையும் ராத்திரி முழுக்கக் கேட்ட அந்தப் பையன், என்னையும் அப்படி ஆக்கிவிடு என்கிறான். லூயிக்கு வரும் கோபத்தைப் பார்த்தால், எழுத்தழகில் மயங்கிக் கதையைக் கோட்டைவிட்ட என்னை மாதிரி ஆட்களையே ரைஸ் திட்டுவதுபோல இருக்கும்.

மூன்றாவது நாவலில் கதை சொல்ல யாரும் உட்காரவில்லை. 2004-இல் ஸ்வீடிஷில் வந்தது. இடம் ஸ்டாக்ஹோமின் மேற்குப் புறநகர் ப்ளாக்கபெரி, காலம் 1981. லிண்ட்க்விஸ்ட் வளர்ந்த ஊரும் அதுதான். தொடக்கத்திலேயே அந்த ஊருக்குப் பழங்கதை என்று ஒன்றுமே கிடையாது, ஒன்பதாயிரம் பேர் இருக்கிறார்கள், ஒரு தேவாலயம்கூட இல்லை என்கிறார். கோட்டையோ மாளிகையோ இல்லாமல், அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றத்தில், ஏறி விளையாடும் கம்பிகளுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வயது ஆஸ்கரும் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த ஏலியும் சந்திக்கிறார்கள். (அச்செழுத்துப்படி எலி என்றுதான் எழுத வேண்டும். தமிழில் எழுதினால் படிப்பவர் வேறு எதையோ நினைத்துக்கொள்வார் என்பதால் ஏலி.)

ஆஸ்கரைப் பள்ளியில் பன்றி மாதிரி கத்தச் சொல்லி அடிக்கிறார்கள். பயத்தில் அடக்க முடியாமல் போவதால் கால்சட்டைக்குள் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு வைத்துக்கொண்டு திரிகிற பையன். அவனும் ஏலியும் சுவரைத் தட்டி மோர்ஸ் தந்திக் குறியீட்டில் பேசிக்கொள்வார்கள். நடையில் ஜிகினா எதுவும் கிடையாது; சின்னச் சின்ன வாக்கியம், சில இடங்களில் போலீஸ் அறிக்கை மாதிரி வறட்சி. எப்பா செகர்பெரியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன், ஸ்வீடிஷில் அது இன்னும் எப்படி ஒலிக்கும் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ரத்தம் குடிக்கிற இடத்துக்கு வருவோம். அடிபட்ட குழந்தை மாதிரி பாலத்தடியில் கிடந்து ஏலி உதவி கேட்க, யோக்கே என்ற குடிகாரத் தனியாள் இரக்கப்பட்டுக் கையில் தூக்குகிறான். தூக்கிய கையோடு போய்விடுகிறது உயிர். மற்ற நாவல்களில் அவன் கதை அங்கேயே முடிந்திருக்கும். இங்கே அவனோடு சீன உணவகத்தில் உட்கார்ந்து தினமும் பீர் குடித்த நண்பர்கள், ஆளைக் காணோமே என்று பக்கம் பக்கமாகத் தேடுகிறார்கள். அவர்களில் ஒருவனான லாக்கேவின் துக்கம் ஆஸ்கரின் துக்கத்துக்குச் சமமாக ஓடுகிறது. லாக்கேவின் சிநேகிதி விர்ஜீனியா கடிபட்டு, தான் என்னவாகிக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்ததும் வெயிலில் சாவதைத் தானே தேர்ந்தெடுக்கிறாள். கடிபட்டவர்களை யாரும் மறக்க விடுவதில்லை, அதேசமயம் ஏலி மேல் நமக்கு வந்துவிட்ட பாசமும் போவதில்லை. இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டியிருக்கிறது, அதுதான் கஷ்டம்.

அழைக்காமல் வாம்பயர் வீட்டுக்குள் வர முடியாது என்ற பழைய விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். எத்தனையோ கதையில் அது வெறும் தந்திரம். இங்கே ஆஸ்கர் வீம்புக்கு, “வா” என்று சொல்லாமல், வந்தால் என்ன ஆகும் பார்க்கலாம் என்று நிற்கிறான். ஏலி வாசலைத் தாண்டி உள்ளே வந்து நிற்கிறது. கண்ணிலிருந்து, காதிலிருந்து, தோலின் துளைகளிலிருந்தெல்லாம் ரத்தம் கசிய ஆரம்பிக்கிறது, ஆனாலும் திரும்பிப் போகவில்லை. வரலாம், நீ வரலாம் என்று பையன் அலறுகிறான். உன்னை நம்புகிறேன் என்று இதைவிடத் தெளிவாக ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்லி நான் எங்கும் படித்ததில்லை, அதுவும் அலங்காரமாக ஒரு வார்த்தைகூட இல்லாமல்.

ஆனால் எச்சரிக்கை ஒன்று அவசியம். ஏலிக்கு ரத்தம் பிடித்துக்கொடுக்கும் ஹோகன் என்ற ஆள் குழந்தைகள்மேல் தப்பான ஆசை உள்ளவன், நாவல் அதை மூடி மறைப்பதில்லை. குழந்தைகளுக்கு நடக்கும் கொடூரங்களைப் படிக்க முடியாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம், தப்பில்லை. ஆங்கிலத்தில் ஐந்நூறு பக்கத்தை ஒட்டி வரும், நடுவில் இரண்டு கிளைக்கதையை வெட்டியிருக்கலாம். 2008-இல் தோமஸ் ஆல்ஃப்ரெட்சன் எடுத்த படம் அதையெல்லாம் வெட்டியும் விட்டது. இந்த ஒரு நாவலுக்கு மட்டும், பக்கங்கள் பயமுறுத்தினால் படத்தையே பாருங்கள் என்று தயங்காமல் சொல்வேன். ரைஸ் நாவலின் 1994 படத்துக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். கிர்ஸ்டன் டன்ஸ்ட் பிரமாதமாக நடித்திருந்தாலும் அவர் பத்து வயதைத் தாண்டிய சிறுமி; அவர் அழுவதும் ஐந்து வயது உடம்புக்குள் ஒரு பெரிய மனுஷி மாட்டிக்கொண்டு கிடப்பதும் ஒன்றில்லை.

நேரமே இல்லை என்பவர்களுக்குக் கைக்கு அடக்கமாக ஒன்று: தியோஃபில் கோத்தியே 1836-இல் பிரெஞ்சில் எழுதிய ‘லா மோர்த் அமூரெஸ்’, ஒரு சிறுகதை. இளம் பாதிரியார் ஒருவரைக் காதலிக்கும் க்ளாரிமோந்த், அவர் தூங்கும்போது தங்க ஊசியால் கையில் மெல்லக் குத்தி, இவன் செத்துவிடக் கூடாதே என்று அழுதுகொண்டே சில சொட்டு மட்டும் குடித்துவிட்டுக் காயத்துக்கு மருந்து தடவிக் கட்டுப் போடுகிறாள். இதற்கு மேல் நான் சொன்னால் கதை கெட்டுவிடும். காதலே வேண்டாம், மூளைக்கு வேலை வேண்டும் என்றால் சூசி மெக்கீ சார்னஸின் ‘த வாம்பயர் டேப்பெஸ்ட்ரி’ (1980): மனிதர்கள் மேல் பற்று வந்துவிட்டால் அவர்களைத் தின்ன முடியாதே என்று பயப்படும் ஒரு பேராசிரியர், அவருக்கு ஓர் உளவியல் மருத்துவர். பற்று வந்தால் அவருக்கு ஒரே வழிதான், தலைமுறைக் கணக்கில் தூங்கி எல்லாவற்றையும் மறந்துபோவது.

இப்போது எதை எடுப்பது? ஒரு வாக்கியத்தை இரண்டு தடவை படித்து ருசிக்கிற பழக்கம் உள்ளவர், கதாநாயகன் அழுதால் எரிச்சல் வராதவர் என்றால் ரைஸ். ஆனால் க்ளாடியா வரும்வரை கீழே வைக்கக் கூடாது என்று சத்தியம் பண்ணிக்கொண்டு ஆரம்பியுங்கள். எழுத்து எப்படி இருந்தாலும் சரி, படித்து முடித்து ஒரு வாரம் மனசு கனக்க வேண்டும், கொடூரத்தையும் தாங்குவேன் என்றால் ஸ்வீடன்காரர். இரண்டும் வேண்டும், ஒன்றுதான் படிப்பேன் என்று அடம்பிடித்தால் நான் கார்மில்லாவைத்தான் நீட்டுவேன், போன மாதம் அக்காவிடம் நீட்டியதும் அதைத்தான். இந்தமுறை பஸ் டிக்கெட் எதுவும் செருகியிருக்கவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். ஆரம்பத்தில் அரைப்பக்கத்துக்கு ஒரு முன்னுரை இருக்கும், யாரோ பதிப்பாசிரியர் எழுதிய மாதிரி. எல்லாரும் தாண்டிக் குதிக்கிற இடம், நானும் முதல்தடவை தாண்டினேன். கடைசிப் பக்கத்தில் லாரா, வரவேற்பறைக் கதவருகே கார்மில்லாவின் மெல்லிய காலடி கேட்டதாக நினைத்துப் பல நாள் திடுக்கிட்டிருக்கிறேன் என்று முடிப்பாள். அதைப் படித்ததும் புத்தகத்தை மூடாமல் அந்த முன்னுரைக்குத் திரும்பிப் போங்கள். இதை எழுதிய பெண்ணோடு தொடர்புகொள்ளலாம் என்று விசாரித்தேன், அதற்குள் அவர் இறந்துவிட்டார் என்று அங்கே ஒரு வரி இருக்கும்.